பற்றுச்சீட்டை ஏற்க மறுத்த சேவர்

நான் சிவபாதம், பரந்தனில் ஒரு நெற்களஞ்சியத்தின் கணினிப் பொறுப்பாளன். இன்று மழை இருட்டியும் நெல் ஏற்றிய உழவு இயந்திரங்கள் ஏன் வாசலிலேயே நின்றன என்பதை விளக்கவே எழுதுகிறேன்.

ஜாவா நிரல்மொழியில் எழுதிய எங்கள் செயலிகளுக்குரிய பொது நிரல் நூலகம் பொதுக் கோப்புறையில் மட்டுமே இருக்கவேண்டும் என்பது என் விதி. நெல்லுக்குப் பற்றுச்சீட்டு எழுதும் செயலியைப் புதுப்பித்தவர்கள், பற்றுச்சீட்டின் வரையறை உள்ள அந்த நூலகத்தின் பிரதி ஒன்றை அதனுள்ளும் வைத்துவிட்டார்கள்.

'பற்றுச்சீட்டைப் பற்றுச்சீட்டாக ஏற்கமுடியாது' என்றது சேவர் கணினி. பற்றுச்சீட்டு இல்லாமல் நெல்லை உள்ளே எடுக்க முடியாது.

"ரெண்டும் ஒண்டுதானே, சேர்?" என்றார் முகாமையாளர் நளாயினி.

"பேர் ஒண்டுதான், மிஸ். கணினி எடுத்து ஏத்தின கோப்புறை வேற. அதால ஜாவாவுக்கு ரெண்டும் வேற ஆக்கள்."

"அப்ப ஒரே ஆள்தான் எண்டு கிராம சேவகரிட்டக் கடிதம் எடுத்துக் குடுங்கோவன்."

செயலிக்குள் இருந்த பிரதியை நீக்கினேன்; சேவர் பற்றுச்சீட்டை ஏற்றது. மழைக்கு முன்னரே நெல் உள்ளே வந்துவிட்டது.

இப்போது என் விதியை அச்சிட்டுச் சேவர் அறைக் கதவில் ஒட்டப்போகிறேன், கிராம சேவகரின் கையொப்பத்துடன்.