ஆணியில் மாட்டிய செருப்பு

எதிர்வீட்டுக்காரி ஒருநாளும் செருப்பை வாசலில் விட்டதில்லை. எங்கள் மாடியில் மற்ற வீட்டு வாசல்களிலெல்லாம் செருப்பு குவிந்து கிடக்கும். வெளியே கிளம்புகிறவர்கள் காலாலேயே துழாவி, கிடைத்ததை மாட்டிக்கொண்டு போவார்கள். அவள் மட்டும் கதவைத் திறந்து, ஒரு காலை உள்ளே வைத்தபடி குனிந்து, செருப்பைக் கழற்றித் துணிப்பைக்குள் போட்டு, பையைக் கதவுக்குப் பின்னால் ஓர் ஆணியில் மாட்டுவாள். அவள் வீட்டுக்காரரும் அப்படித்தான். வெளியிலிருந்து பார்த்தால் பூட்டிக் கிடக்கிற வீடு மாதிரியே இருக்கும். அவர்கள் குடிவந்த நாளிலிருந்து இதைப் பார்த்து வருகிறேன். எங்கள் சமையலறை ஜன்னல் அவர்கள் கதவுக்கு நேர் எதிரே. வலியப் போய்ப் பேச எனக்கு வாய் வராது. பார்ப்பதற்கு வாய் வேண்டியதில்லை.

அவர் கட்டடங்களுக்கு வர்ணம் அடிக்கிறவர். வேற்றூரிலிருந்து பிழைக்க வந்தவர்கள் இருவரும். எப்போதும் தோளில் ஏணியோடு போவதால் தெருவில் அவருக்கு 'ஏணி' என்றே பெயர் விழுந்துவிட்டது. அவள் 'ஏணி வீட்டம்மா'. ஒரு துணிக்கடைக்காக வீட்டிலிருந்தே தைத்துக் கொடுப்பாள். கீழ்வீட்டுக்குச் சத்தம் கேட்கக் கூடாதென்று தையல் மெஷினுக்கு அடியில் பழைய போர்வையை மடித்துப் போட்டிருப்பாள்.

ஒருநாள் மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது செருப்பைப் பற்றிக் கேட்டேவிட்டேன்.

"பழகிப்போச்சு அக்கா," என்றாள். "முன்னாடி இருந்த ஊர்ல வாசல் செருப்பை எண்ணித்தான் ஆளை விரட்டுவாங்க. ஒரு ஜோடி அதிகமா இருந்தா, 'யாரை உள்ள வச்சிருக்கே'ம்பாரு வீட்டுச் சொந்தக்காரர். மெஷினைப் பாத்தா, 'தொழில் நடத்துறியா'ம்பாரு. ஒருதடவை நகராட்சி ஆளுங்களே வந்து அடுப்பு இருந்த ரூமையெல்லாம் காலி பண்ண வச்சாங்க. எங்க அடுப்பு கட்டிலுக்கு அடியில இருந்துச்சு. எங்களை விட்டுட்டாங்க."

சாமர்த்தியமாகத் தப்பித்ததைச் சொல்கிற மாதிரி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

அந்த வருடம் மழை ஓய்ந்த நேரத்தில், வர்ணம் அடித்துக்கொண்டிருந்த கட்டடத்தில் சாரம் சரிந்து அவர் கீழே விழுந்தார். உயிருக்குப் பயமில்லை. இடுப்புக்குக் கீழேதான் அடி. பெரிய ஆஸ்பத்திரியில் டாக்டர் அவளிடம் தெளிவாகச் சொல்லிவிட்டார்: கால் பழையபடி வரும், ஆனால் வீட்டுக்குப் போன கையோடு பயிற்சி ஆரம்பிக்க வேண்டும், நாளைக் கடத்தினால் மூட்டு இறுகிவிடும், அப்புறம் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

பயிற்சி மையம் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலேயே இருந்தது. நகராட்சி கட்டியது, இலவசம். ஆனால் வார்டில் குடியிருப்பவராகப் பதிந்திருக்க வேண்டும். இவர்கள் இத்தனை வருடம் பதியவே இல்லை. எங்கள் கவுன்சிலரம்மா நல்ல மாதிரி. எந்த ஊரிலிருந்து வந்தவராக இருந்தாலும், வார்டில் உண்மையாக வசித்தால் பதிந்துகொள்ளலாம், பள்ளிக்கூடம், மருத்துவம் எல்லாம் நம்மைப் போலவே அவர்களுக்கும் உண்டு என்று கூட்டம் போட்டுச் சொன்னவர். சில வீட்டுச் சொந்தக்காரர்கள் காலி அறைகளிலெல்லாம் ஆள் இருப்பதாகப் பொய்யாகப் பதிந்துவிட்டதால், ஓர் ஆய்வாளர் வீட்டுக்கே வந்து பார்ப்பார் என்று மட்டும் விதி வைத்திருந்தார்கள்.

அவள் ஓடிப்போய் எழுதிக் கொடுத்தாள். ஆய்வாளர் வருவதற்கு முந்தின மாலை எங்கள் கதவைத் தட்டினாள். கையில் அடுப்பு.

"அக்கா, நாளைக்கு ஒரு பொழுது மட்டும் இது உங்க வீட்ல இருக்கட்டுமா?"

அடுப்புக்குப் பின்னால் பாத்திரங்கள் வந்தன. பாய், தலையணை, போர்வை, அவருடைய துணிமூட்டை, வர்ண டப்பாக்கள், கடைசியில் தையல் மெஷினும் ஏணியும். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுகிறவர், அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தார்.

"ஏம்மா, நீங்க வீடு மாத்தறீங்களா, இல்ல எங்களைக் காலி பண்ணச் சொல்றீங்களா?"

"ஆபீசர் வர்றார் அண்ணே. வீடு பளிச்சுன்னு இருக்க வேணாமா?"

"பளிச்சுன்னா சரி. இப்ப உள்ள பந்து விளையாடலாம் போல இருக்கே!"

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவர் விழுந்த பிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அதோடு விடவில்லை. அடுப்பு இருந்த இடத்தில் சுவரில் புகைக்கறை படிந்திருந்தது. டப்பாவில் மிச்சமிருந்த வெள்ளையை எடுத்து, வீட்டுக்காரரின் பிரஷ்ஷால் அதையும் அடித்து மறைத்தாள். தரையைக் கழுவித் துடைத்துக் கதவைச் சாத்தினாள்.

ஆய்வாளர் நடுவயதுக்காரர், மரியாதையான மனிதர். மாடி ஏறி வந்ததில் மூச்சு வாங்கியது. தன் செருப்பை வாசலில் விட்டுவிட்டு உள்ளே போனார். அந்த வாசலில் நான் பார்த்த முதல் செருப்பு அதுதான். நான் எங்கள் கதவோரம் நின்றிருந்தேன்.

"வீட்ல யார் யாரும்மா?"

"நானும் அவரும் மட்டும்தான் சார். வேற ஒருத்தரும் வரமாட்டாங்க."

"அவர் எங்க?"

"ஆஸ்பத்திரியில இருக்கார் சார்."

"சமையல் எங்க பண்றீங்க?"

"பெருசா சமைக்கிறதே இல்ல சார். துளிப் புகை வராது."

"படுக்கிறது?"

"எங்கயாவது ஒரு ஓரமா படுத்துக்குவோம் சார்."

அவர் சுவரைத் தொட்டார். விரலில் வெள்ளை ஒட்டியது. "இப்பதான் அடிச்சீங்களா?"

"ஆமா சார். நீங்க வர்றீங்கன்னுதான்."

அலமாரியைத் திறந்தார். காலி. குழாயைத் திறந்து மூடினார். "அக்கம்பக்கத்துல பழக்கமெல்லாம் உண்டா?"

அவள் முகம் மலர்ந்தது. இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தவள் போல நிமிர்ந்து நின்றாள். "யாருக்கும் ஒரு தொந்தரவு கிடையாது சார். நாங்க இருக்கிறதே யாருக்கும் தெரியாது."

அவர் பெருமூச்சு விட்டார். எப்படியோ வாயைத் திறந்தேன்.

"இருக்காங்க சார். ரொம்ப வருஷமா இருக்காங்க. சாமானெல்லாம் எங்க வீட்லதான் இருக்கு, வந்து பாருங்க."

வந்து பார்த்தார். எங்கள் அடுப்படியில் ஏணி சாய்ந்திருந்தது. அவர்கள் பாய் எங்கள் கட்டிலின்மேல் கிடந்தது.

"அப்ப அவங்க உங்க வீட்லயா இருக்காங்க?"

"இல்ல சார், அங்கதான்..."

"விடுங்கம்மா. எல்லா இடத்துலயும் பக்கத்து வீட்டுக்காரங்க இப்படித்தான் சொல்றாங்க." கோபமில்லாமல்தான் சொன்னார். ஏமாற்றுகிறவர்களைப் பார்த்துப் பார்த்துச் சலித்தவர் குரல். செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் அவளோடு நானும் வார்டு அலுவலகத்துக்குப் போனேன். அந்தக் கட்டடத்துக்கு இளம்பச்சை அடித்ததே அவள் வீட்டுக்காரர்தான். வாசலில் சுவரைத் தடவிவிட்டு உள்ளே வந்தாள்.

"அந்த வீட்ல ஆள் வசிக்கலைன்னு ஆய்வாளர் சொல்லிட்டாரேம்மா," என்றார் மேசைக்காரர்.

"நான் இதோ நிக்கிறேனே சார்?"

"நீங்க நிக்கிறது ஆபீஸ்லம்மா. வீட்ல நிக்கிற மாதிரி தெரியணும்ல."

பக்கத்து மேசையில் யாரோ சிரித்தார்கள். அவளும் மரியாதைக்குச் சிரித்தாள். வெளியே வந்து படியில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டாள்: "நான் என்ன அக்கா தப்பா சொன்னேன்? ஒரு குறை சொல்ல முடியாம வச்சிருந்தேனே வீட்டை?"

கவுன்சிலரம்மாவைப் பார்த்தோம். கதையைக் கேட்டுத் தலையில் கையை வைத்துக்கொண்டார். மறுபடி ஆய்வுக்கு உத்தரவும் போட்டார். ஆனால் வார்டுக்கு இருந்தது ஒரே ஆய்வாளர். அவரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். புது ஆள் வரவில்லை. இன்று வருவார், நாளை வருவார் என்று எல்லோரும் நல்ல விதமாகவே பதில் சொன்னார்கள்.

அதற்குள் ஆஸ்பத்திரியில் அவள் வீட்டுக்காரரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். நாலு பேர் நாற்காலியோடு தூக்கி மாடி ஏற்றினார்கள். "ஏணியையே ஏணியில ஏத்துற மாதிரி இருக்கு," என்று அவரே சொன்னார். அவள் அவர் பாதங்களைத் தையல் மெஷினின் மிதிபலகையில் வைத்து, துணிநாடாவால் கட்டி, மேலே சக்கரத்தைக் கையால் சுற்றுவாள். பலகை ஏறி இறங்க, பாதமும் ஏறி இறங்கும். துணி இல்லை, நூல் இல்லை, வெறும் மெஷின் ஓடும். மெஷினுக்கு அடியில் போட்டிருந்த போர்வையை எடுத்து அவர் முழங்காலுக்குப் போர்த்தியிருந்தாள். சத்தம் கீழே நன்றாகவே கேட்டிருக்கும். கீழ்வீட்டுக்காரர்கள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முதலில் கணுக்கால் கொஞ்சம் அசைகிற மாதிரி இருந்தது. கை வலித்தால் என்னைக் கூப்பிடுவாள், நான் சுற்றுவேன். பிறகு பலகை மட்டும்தான் அசைந்தது.

புது ஆய்வாளர் வந்தபோது வெயில்காலம் ஆகியிருந்தது. சின்ன வயதுப் பெண். இந்த முறை அவள் எதையும் ஒதுக்கவில்லை. ஒதுக்க நேரமும் இல்லை. அடுப்பில் உலை கொதித்துக்கொண்டிருந்தது, பாய் விரித்தபடி கிடந்தது, அவர் மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் வாசற்படி தாண்டுவதற்குள்ளேயே தலையாட்டிவிட்டாள். "இவ்வளவு நாள் ஏம்மா பதியாம இருந்தீங்க?" என்று மட்டும் கேட்டாள். பதில் சொல்ல வேண்டியவள் உலையை இறக்கி வைக்கப் போய்விட்டாள்.

மையத்தில் பயிற்சி கொடுப்பவர் அவர் முழங்காலைப் பிடித்து மெல்ல மடக்கிப் பார்த்தார். மடங்கவில்லை. இன்னொரு காலைப் பிடித்தார். "கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம்," என்றார், அவளைப் பார்க்காமல்.

ஏணிக்காரர் அண்ணாந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுவும் நான் அடிச்சதுதான் தம்பி. அந்த மூலைல ஒரு கோட் கம்மி. அன்னைக்கு வர்ணம் தீந்துபோச்சு."

பயிற்சிக்காரர் சிரித்தார். அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு வெளியே போனாள்.

இப்போது வார்டுக்குப் புதிதாக யார் குடிவந்தாலும், ஆய்வாளர் போவதற்கு முன்னால் அலுவலகத்திலிருந்து இவளை அனுப்புகிறார்கள். கவுன்சிலரம்மா செய்த ஏற்பாடு. ஒருமுறை துணைக்குப் போனேன். கட்டிலுக்கு அடியிலிருந்த அடுப்பை அவளே குனிந்து வெளியே இழுத்தாள். "இதை நடுவுல வை. செருப்பை வாசல்ல போடு, எத்தனை ஜோடி இருந்தாலும் போடு. இங்க எண்ணுறது சேத்துக்கத்தான், விரட்ட இல்ல." அந்த வீட்டுப் பெண் நம்பாமல் என்னைப் பார்த்தாள். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.

இருவரும் இன்று இந்த வார்டில் பதிந்தவர்கள். அவளுடைய செருப்பு வாசலில் கிடக்கிறது. அவருடையது கதவுக்குப் பின்னால் அந்த ஆணியில், பைக்குள்ளேயே இருக்கிறது. அவர் ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். நடப்பதில்லை.