பன்னிரண்டாவது பெயர்

விமலராணி கிரின்ஸ்டெட் என்ற டெனிஷ் ஊரில் ஓர் அரசாங்கப் பள்ளிக்கூடத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளின் வகுப்புக்கு உதவியாளர். ஜாக்கெட் மாட்டும் கொளுக்கிகளுக்குப் பெயர் எழுதி ஒட்டுவதும் அவள்தான். கையெழுத்து நன்றாக இருந்ததால், யாரும் சொல்லாமலே அந்த வேலை அவளிடம் வந்து சேர்ந்தது.

ஊர் மாறுவதை அவள் முதலில் கண்டது அந்தக் கொளுக்கிகளில். மூன்று வருடத்துக்கு முன் ஸ்பானிஷ் பேசும் பிள்ளைகள் இரண்டு பேர். அடுத்த வருடம் ஆறு. இந்த வருடம் பத்தொன்பது பிள்ளைகளில் பதினொரு பேர். கொலம்பியாவில் பிறந்து, ஸ்பெயினில் கொஞ்சக் காலம் இருந்து, கோழித் தொழிற்சாலை வேலைக்கு இங்கே வந்த குடும்பங்கள். அவர்கள் வரவர, டெனிஷ் பிள்ளைகள் பலர் பதினெட்டுக் கிலோமீற்றர் தள்ளியிருந்த தனியார் பள்ளிக்கூடத்துக்குக் காரில் போகத் தொடங்கினார்கள்.

அவளுடைய மகள் சாரங்கியும் அந்த வகுப்புத்தான். பக்கத்துக் கொளுக்கி லூசியானாவுடையது. இரண்டு பேரும் சப்பாத்தைக்கூட மாற்றிப் போட்டுக்கொண்டு திரிவார்கள்.

"சாரங்கியை மாத்துவம்," என்றான் அவளுடைய கணவன் நிர்மலன், சோற்றைப் பிசைந்தபடி. "வகுப்பு முழுக்க ஸ்பானிஷாம். வேலையில எல்லாரும் கதைக்கினம்."

"ஆர், உங்களோட வேலை செய்யிற ஹென்றிக்கோ? அவர் தன்ர பிள்ளையை எப்பவோ கொண்டுபோட்டார்."

"அவருக்கு விளங்கியிருக்கு. எங்களுக்குத்தான் இன்னும் விளங்கேல்லை."

"நான் வேலை செய்யிற இடமப்பா. என்ர பிள்ளையையே கொண்டுபோனா அங்க என்னெண்டு முகம் குடுக்கிறது?"

"நீர் சம்பளத்துக்குப் போறீர். பிள்ளை படிக்கப் போகுது."

"லூசியானாவும் வருவாளா?" என்று சாரங்கி டெனிஷில் கேட்டாள். விமலராணி அவளுடைய தட்டில் இன்னும் கொஞ்சம் சோறு போட்டாள்.

மறுநாள் பள்ளிக்கூட அலுவலகத்தில் வகுப்பின் கணக்கெடுப்புப் பட்டியலைச் சரிபார்க்கக் கொடுத்தார்கள். வீட்டில் வேறு மொழி பேசும் பிள்ளைகள்: பன்னிரண்டு. பதினொன்றுதானே என்று அவள் விரல் வைத்து எண்ணினாள். கடைசிப் பெயர் சாரங்கி.

பின்னேரம் நிர்மலனிடம் சொன்னாள். "உங்கட ஹென்றிக் எங்கட பிள்ளையையும் சேர்த்து எண்ணிப்போட்டுத்தான் ஓடினவர்."

"அப்ப இன்னும் கெதியா மாத்தவேணும்," என்றான்.

வெள்ளிக்கிழமை தனியார் பள்ளிக்கூடத்துக்கு அவளே தொலைபேசி எடுத்தாள். மூன்று இடம் இருக்கிறது என்றார்கள். ஒன்றில் சாரங்கியைப் பதிந்தாள்.

திங்கட்கிழமை சாரங்கியின் கொளுக்கியிலிருந்த பெயர்த்துண்டை நகத்தால் உரித்தாள். பாதிதான் வந்தது. லூசியானா பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளுடைய தாய் பாவ்லா, கோழித் தொழிற்சாலையில் இரவுச் சுத்திகரிப்பு வேலை முடித்துக் குளோரின் மணத்தோடு வந்தவள், வெறும் கொளுக்கியைப் பார்த்துவிட்டு சாரங்கி எங்கே போகிறாள் என்று விசாரித்தாள். விமலராணி சொன்னாள்.

பாவ்லா தலையாட்டினாள். தனக்குத் தெரிந்த டெனிஷில், குரலைத் தாழ்த்தி, "நல்லது செய்தாய். இங்கே வெளிநாட்டுப் பிள்ளைகள் கூடிப்போய்விட்டார்கள். அங்கே என் மகளுக்கும் இடம் கிடைக்குமா?" என்று கேட்டாள்.

"இல்லை," என்றாள் விமலராணி. "நிரம்பிவிட்டது."

பிறகு மீதித் துண்டை உரிக்கத் திரும்பினாள்.