பெரிய பலகைக்கு மூலை சேரவில்லை

இரும்பின் மேல் காயும் சந்தனத்துக்கு ஒரு வாசம் உண்டு. சாமி அறையில் வருவதுபோல் குளிர்ச்சியாக இருக்காது. எண்ணெயும் மரத்தூளும் சேர்ந்து, மழை நின்றபின் வெயிலடித்த தகரக் கொட்டகை மாதிரி மூக்கில் ஏறிக் கொஞ்சம் கரிக்கும். பட்டறைக் கதவைத் திறக்கும்போதெல்லாம் அந்த வாசம் வருகிறது. எட்டு மாதத்துக்குப் பிறகு அது வர வாய்ப்பில்லை என்று தெரியும். ஆனாலும் வருகிறது. வந்ததும் மாப்பிள்ளையின் நினைவு. அவனுக்குப் பின்னாலேயே, எப்போதும்போல, என் தங்கை. இந்த எட்டு மாதமும் அங்கே நிற்கும் அறுவை மெஷினில் நான் சின்னப் பலகைகளை மட்டும்தான் அறுக்கிறேன்.

மாப்பிள்ளை என்பது தங்கையின் கணவன். அவள் போய் மூன்றாவது வருடம் நடக்கிறது. காய்ச்சல் என்று படுத்தாள், ஒன்பதாம் நாள் இல்லை. பிள்ளைகள் கிடையாது. செவிலிமேட்டில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளித்தான் குடியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையானால் இருவரும் வந்துவிடுவார்கள். பின்பக்கக் கொட்டகைதான் பட்டறை, அதில் அவனும் நானும் மரம் அறுப்போம். அவள் ஸ்டூலில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றபடி எங்கள் வேலையைக் குறை சொல்வாள். அவள் போன பிறகும் அவன் வருவதை நிறுத்தவில்லை. ஸ்டூலில் மட்டும் நாங்கள் யாரும் உட்காரவில்லை. பசை டப்பாவை வைத்துக்கொண்டோம்.

ஒருநாள் மரம் இழைத்துக்கொண்டே சொன்னான். திருப்பூரில் அண்ணன் கூப்பிடுகிறாராம், அங்கே ஒரு பெண்ணும் பார்த்திருக்கிறார்களாம். "நல்லது மாப்ள" என்றேன். மறுவாரமே மரம் அறுக்கும் ‘டேபிள் சா’ மெஷின் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தேன்.

சாதாரண டேபிள் சா இல்லை. மேசையே நகர்கிற வகை. பலகையை அதன்மேல் வைத்து மெல்லத் தள்ளினால் போதும், கை பிளேடு பக்கமே போகாது. ஃபேக்டரியில் பன்னிரண்டு வருடம் அவன் ஓட்டியது அதைத்தான். வீட்டில் இப்படி ஒன்று இருந்தால் வேறென்ன வேண்டும் மச்சான் என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறான். இருந்தால் போகமாட்டான் என்று நினைத்தேன். ஒரு மனிதனை இரும்பைக் கொண்டு ஊரில் நிறுத்திவிடலாம் என்று, இந்த வயதில், நினைத்தேன்.

மெஷின் வந்தது ஒரு சனிக்கிழமை. அவன் திங்கட்கிழமை காலை கிளம்புவதாக இருந்தது. "மாட்டிக் குடுத்துட்டுப் போறேன்" என்று வந்தான். நாலு பேர் இறக்கிவைத்தார்கள். ரசமட்டம் வைத்துக் கால்களைத் திருகித் திருகித் தரையோடு சமம் பார்த்தான். நகரும் மேசையைப் பூட்டினான். அதன் குறுக்கே, பலகையை அண்டக்கொடுத்து நிறுத்துவதற்கான நீள அலுமினியச் சட்டத்தையும் மாட்டினான். கரண்டு கொடுக்குமுன் பூஜை. என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து தயங்கி நின்றாள். கொட்டகையில் எது வந்தாலும் பொட்டு வைப்பது தங்கைதான்.

"எங்கெங்க வெக்கணும் தம்பி?"

"மோட்டாருக்கு ஒண்ணு வைங்கக்கா. பிளேடு மூடிக்கு ஒண்ணு." சட்டத்தின் ஓரத்தைக் காட்டினான். "இந்த சட்டத்துக்கும் ஒண்ணு. கை படுற எடத்துல வெப்பா அவ."

தங்கையைப் போலவே தாராளமாக வைத்தாள் மனைவி. அதன்மேல் குங்குமம். சட்டத்தில் பொட்டு வைத்த அந்தப் பக்கம்தான் பலகை வந்து முட்டவேண்டிய முகம் என்பது, மரவேலை தெரிந்த எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. நாங்கள் மெஷினைப் பார்த்துக்கொண்டிருக்கவில்லை.

சின்னப் பலகையை அறுத்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தோம். துளி வெளிச்சம் இல்லை, அப்படிச் சேர்ந்தது மூலை. பெரிய பலகையை வைத்தால் நகம் நுழையும் இடைவெளி. சட்டத்தைத் தளர்த்தி மறுபடி முறுக்கினான். அதேதான்.

"என்னா மாப்ள, பன்னெண்டு வருஷம் மெஷின் ஓட்டுனியா, டீ வாங்கியாந்து குடுத்துக்கினு இருந்தியா?"

"மெஷினு நேராத்தான் இருக்குது மச்சான். வாங்குன ஆளுதான் கோணல்."

"ரெண்டுமே கோணல்தான். சோறு ஆறுது, வாங்கப்பா" என்றாள் மனைவி.

ஞாயிறு காலை, சட்டம் வளைந்திருக்கிறதா என்று நூல் பிடித்துப் பார்க்கப் பக்கத்து வீட்டுத் தறிக்கார அக்காவிடம் ஓர் இழை பட்டு கேட்டான். "மெஷினுக்கா, கல்யாணப் பொடவைக்கா?" என்று அவர் மதிலுக்கு மேலாக எட்டிக் கேட்டார். சேதி தெரு முழுக்கப் போயிருந்தது. தலை குனிந்து சிரித்தான். இழையைச் சட்டத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு இழுத்துக் கட்டி, ஒரு கண்ணை மூடி வெகுநேரம் பார்த்தான். பிறகு அவிழ்த்துச் சுருட்டிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். "சட்டத்துல கோணல் இல்ல. மேசை ஓடுற தண்டவாளமா இருக்கும்" என்றான்.

மதியம் அவன் கை கழுவப் போயிருந்தபோது நான் குனிந்து பார்த்தேன். பிளேடிலிருந்து தள்ளி, சட்டத்தின் கடைசி ஓரத்தில் அந்தப் பொட்டு. காய்ந்து, துவரம்பருப்புப் பிளவு அளவுக்குப் புடைத்திருந்தது. சின்னப் பலகை அதுவரை எட்டாது. பெரிய பலகை அதன்மேல் ஏறி நிற்கிறது. அவ்வளவுதான் கோளாறு. நகத்தால் சுரண்டினால் தீர்ந்தது.

நகத்தைக் கொண்டுபோனேன். அது என் மனைவி வைத்த பொட்டுதான், ஆனால் இடம் தங்கையுடையது. தவிர, நாளைக்கு பஸ். அரைகுறை வேலையை விட்டுவிட்டுப் போகிற ஆள் இல்லை அவன். விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு தள்ளி வந்து நின்றேன். அவன் ஈரக்கையோடு வந்து, "இன்னா மச்சான், எதுனா தெரியுதா?" என்றான்.

"ஒண்ணும் தெரியல மாப்ள. நீ சொன்ன தண்டவாளந்தான்."

சாயங்காலம் சொன்னான்: "நாளைக்கு வேணாம். செவ்வாக்கெழம போறேன்."

திருடியவன் பையைத் தடவிப் பார்ப்பதுபோல் அந்த ஒரு நாளைத் தடவிக்கொண்டே தூங்கினேன். திங்கள் முழுக்கத் தண்டவாளத்தைக் கழற்றினான், பூட்டினான், கழற்றினான். நான் ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். சட்டத்தின்மேல் விரலை ஓட்டிக்கொண்டே போவான். ஓரம் நெருங்கியதும் கையை எடுத்துவிடுவான். வேர்க்கடலை வாங்கிவந்தேன். தோலை ஊதிவிட்டுத் தின்றோம். மாலையில் அண்ணனிடமிருந்து போன். புதன்கிழமை பெண் வீட்டார் வருகிறார்கள். "வர்றேண்ணா" என்றான். அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு அவன் ஸ்பேனரைத் தொடவில்லை.

செவ்வாய்க் காலை காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டு. வேலூர் போய் அங்கிருந்து மாற வேண்டும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்தான். கம்பியைப் பிடித்தபடி, "மூலை சேராமயே போறியே மாப்ள" என்றேன். டிரைவர் ஏறி உட்கார்ந்தார். அவன் சட்டைப் பையிலிருந்து அந்தப் பட்டு இழையை எடுத்து என் கையில் வைத்தான்.

"அந்த சந்தனந்தான் மச்சான். நூலு கட்டும்போதே பாத்துட்டேன். எனக்குத் தொடைக்கக் கை வரல. நீ தொடைச்சிக்கோ."