வேனுக்கு ஒரு டிவி

என் வீட்டுக்காரர் துறைமுக வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஒரு பழைய வேனை வாங்கி, படுக்கை, அடுப்பு எல்லாம் வைத்து வீடு மாதிரி ஆக்கியிருக்கிறார். ஊர் ஊராகச் சுற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. ஜன்னல் திரைகளைத் தைத்துக் கொடுத்தது நான்தான்.

அந்த வேனில் மாட்டுவதற்கு டிவி வாங்க இன்று மில்லர்புரத்தில் ஒரு கடைக்குப் போனோம்.

கடைக்கார அண்ணாச்சி இரண்டு டிவிகளை எடுத்து வைத்தார்.

"பெருசு பேட்டரிய ரொம்ப இழுக்கும். சின்னத நேரா உக்காந்து பாத்தாத்தான் தெளிவா இருக்கும், பக்கத்துல இருக்கவங்களுக்கு மங்கலாத்தான் தெரியும். வண்டியில எத்தன பேரு பாப்பிய?"

"நான் ஒருத்தந்தான் அண்ணாச்சி," என்றார் இவர்.

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் வாஷிங் மெஷின்களைப் பார்த்தேன்.

சின்னதையே வாங்கினார். திரும்பி வரும்போது கேட்டேன்.

"அப்ப நான் வரலையா?"

"ஒனக்குத்தான் மூட்டுவலியாச்சே. வாரேன்னு நீ சொல்லவே இல்லையே."

"நீங்க கேட்டியளா?"

அவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டே இருந்தார்.

இப்போது வாசலில் நிற்கும் வேனில் டிவியை மாட்டிக்கொண்டிருக்கிறார். டிரில் மெஷின் சத்தம் அடுக்களை வரை கேட்கிறது.

கல்யாணமாகி வெகுகாலம் ஆனவர்கள் யாராவது சொல்லுங்கள். இந்த வயதில் என்னையும் கூட்டிப் போங்கள் என்று வாய்விட்டுக் கேட்பதா, இல்லை பேசாமல் பெட்டியோடு முன்சீட்டில் ஏறி உட்கார்ந்துவிடுவதா?