டாங்க்கில் ஒரு சன்னல்

என் மோட்டார் சைக்கிளில் பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று காட்ட எதுவும் கிடையாது. பழைய டாங்க்கைக் கழற்றிவிட்டு, மெலிந்து நீண்ட ஒன்றைச் சொல்லிச் செய்து மாட்டியிருந்தேன். அனுமதி வாங்கி, ஆய்வு மையத்தில் காட்டி, எல்லாம் முறைப்படிதான். அழகு வந்தது, மீட்டர் போனது. எனக்கென்ன கவலை? வண்டியை இரண்டு பக்கமும் ஆட்டுவேன். உள்ளே தளும்பும் சத்தத்தை வைத்தே வீடு இருக்கும் தெம்பனிஸிலிருந்து எதுவரை போகலாம் என்று சொல்லிவிடுவேன். அந்தப் பெருமைதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை, லாரிகள் பறக்கும் சுரங்கப்பாதைக்குள், பெட்ரோல் இல்லாமல் வண்டியை நிறுத்தியது.

பின்னால் உட்கார்ந்திருந்தவர் என் கணவர். அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது, கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. சில மாதங்களுக்கு முன்புதான் அவருடைய கம்பெனி ஆட்குறைப்பில் அவரை அனுப்பியிருந்தது. அதற்குப் பிறகு மனிதர் வீட்டைவிட்டு இறங்கியதே ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான். அதுவும் என் பின்னால் ஏறி, தேக்கா சந்தையில் தோசை சாப்பிட்டுவிட்டு வர.

மீட்பு வண்டி சீக்கிரமே வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போனது. ஆனால் அதுவரை சுவரோடு ஒட்டி நின்றவர் ஒவ்வொரு லாரிக்கும் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும், “இனிமே நான் வரலம்மா. நீ போயிட்டு வா,” என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதிலுக்குச் சண்டை போட்டிருப்பேன். மெதுவாகச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த ஞாயிறு தோசையைப் பொட்டலம் கட்டி வாங்கி வந்தேன். டிவியைப் பார்த்தபடி சாப்பிட்டார். அதற்கடுத்த ஞாயிறு பசியில்லை என்றார். டாங்க்கையாவது ஆட்டிப் பார்க்கலாம், இவருக்குள் என்ன இருக்கிறது, எவ்வளவு மிச்சம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?

காக்கி புக்கிட்டில் எனக்குத் தெரிந்த மலாய்க்கார மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். டாங்க்கின் பக்கவாட்டில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாகச் சிறு மூக்குகளைப் பற்றவைத்து, நடுவில் பெட்ரோல் தாங்கும் கண்ணாடி மாதிரியான குழாயை மாட்டலாம், உள்ளே எவ்வளவு உயரமோ குழாயிலும் அவ்வளவு நிற்கும் என்றார். எந்தப் பக்கம் என்று கேட்டார். இடப்பக்கம் என்றேன். நான் ஏறும் பக்கம் அதுதானே, ஏறும்போதே பார்த்துவிடலாம்.

மறுபடி அனுமதி, மறுபடி காத்திருப்பு. டாங்க்கைக் காலி செய்து, கழுவி, காயவைத்துப் பிறகுதான் நெருப்பு வைத்தார். வேலை முடிந்து பெட்ரோல் ஊற்றியதும், குழாயில் வெளிர்மஞ்சளாக ஒரு கோடு மெல்ல ஏறியது. எனக்கு அத்தனை சந்தோஷம்.

கணவரைக் கார் நிறுத்துமிடத்துக்கு இழுத்து வந்து காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, “சன்னல் வெச்சிட்டியா?” என்றார். ஒரே ஒரு தடவை வருவதாக ஒப்புக்கொண்டார்.

அந்த ஞாயிறு கிளம்பும்போது பார்த்தேன். கால் பங்குக்கு மேல் இருந்தது. தேக்கா போய்த் திரும்பத் தாராளம். ஆனால் சிராங்கூன் சாலையில், தேக்காவுக்குக் கூப்பிடு தூரத்தில், வண்டி இரண்டு முறை இருமிவிட்டு நின்றது.

ஓரங்கட்டி ஸ்டாண்டு போட்டேன். குழாயில் ஒரு விரல் உயரத்துக்குப் பெட்ரோல் இருந்தது. மெக்கானிக்கை வாய்க்கு வந்தபடி திட்டினேன். போச்சு, இனி இந்த மனிதர் கதவைத் தாண்டவே மாட்டார் என்று நினைத்தேன்.

அவர் வந்து ஹேண்டில்பாரைப் பிடித்தார். தள்ளிக்கொண்டு போகலாம் என்று வண்டியை நிமிர்த்தினார். அப்படியே நின்றுவிட்டார். மறுபடி சாய்த்தார். மறுபடி நிமிர்த்தினார்.

“இங்க வந்து பாரு,” என்றார்.

நிமிர்த்தினால் குழாய் காலி. ஸ்டாண்டில் சாய்த்தால் மிச்சமிருந்த பெட்ரோலெல்லாம் இடப்பக்கம் ஓடிவந்து குழாயில் ஏறி நிற்கிறது. வண்டி சாயும் பக்கம் பார்த்து நானேதான் குழாயை வைக்கச் சொல்லியிருந்தேன்.

“உன் சன்னலும் உன்ன மாதிரிதான்லா. உள்ள இல்லாததக் கூட இருக்குன்னு சொல்லுது,” என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் எங்களைச் சுற்றிக்கொண்டு போக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வேலை போனதிலிருந்து அவர் சிரித்து நான் பார்க்கவில்லை. நானும் சிரித்தேன், கண்ணைத் துடைத்துக்கொண்டே. பெட்ரோல் நிலையம் வரை ஆளுக்கொரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனோம். தோசையை அதற்குப் பிறகுதான் சாப்பிட்டோம். அவர் இரண்டு சாப்பிட்டார்.

குழாயை மாற்றவில்லை. வண்டியை நிமிர்த்திப் பார்த்தால் சரியாகத்தான் காட்டுகிறது. ஆனால் நான் ஏறி நிமிர்த்தினால் என் முழங்காலே அதை மறைக்கிறது. குனிந்து பார்க்க இன்னொருவர் வேண்டும். மறுவாரம் அவர் என் நகப்பூச்சை எடுத்துவந்து குழாயில் சிவப்பாக ஒரு கோடு போட்டார். அதற்குக் கீழே போனால் கிளம்பக்கூடாதாம்.

சில வாரங்கள் கழித்து ஒரு ஞாயிறு இரவு, சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே, நாளைக்கு ஜூரோங்கில் இன்டர்வியூ இருப்பதாகச் சொன்னார். டாக்சி பிடிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம், நீயே கொண்டுபோய் விடு என்றார்.

காலையில் நான் வண்டியில் ஏறி, இரண்டு காலையும் ஊன்றி, அசையாமல் நிமிர்த்திப் பிடித்தேன். இஸ்திரி கலையாமல் அவர் மெல்ல உட்கார்ந்து, என் முழங்காலை ஒதுக்கிவிட்டுப் பார்த்தார்.

“இருக்கு,” என்றார். “போலாம்.”