இராஜாங்கம் போட்ட கையெழுத்து

கல்யாணம் முடிந்த மூன்றாம் நாள்தான் அம்சம் தன் புருஷனிடம் அந்தக் கையைப் பற்றிக் கேட்டாள். இராஜாங்கத்தின் இடது முழங்கை பாதிக்கு மேல் மடங்காது. சட்டை மாட்டும்போதுகூட அந்தக் கையை முதலில் நுழைத்துவிட்டுத்தான் மற்றதைப் போடுவார்.

“சிலோன்ல ஒரு கண்ணிவெடி. பக்கத்துல இருந்த சுவரு சாஞ்சிருச்சு. கூட வந்தவன் அடியில மாட்டிக்கிட்டான். அவன வெளிய இழுத்தப்ப ஆனது” என்றார்.

“யாரு அவரு?”

“யாரோ ஒரு சிப்பாய் புள்ள. விடு.”

அது 1990 ஆவணி மாதம். இராஜாங்கத்தின் படை இலங்கையிலிருந்து திரும்பி ஆறு மாதம்கூட ஆகவில்லை. வலங்கைமானுக்குக் கிழக்கே, குடமுருட்டிக் கரையை ஒட்டிய அவர்களுடைய காலனித் தெருவிலிருந்து பட்டாளத்துக்குப் போன முதல் ஆள் அவர்தான். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நடவும் அறுப்புமாகவே காலம் தள்ளியவர்கள். அந்த வீட்டுப் பிள்ளை பச்சை உடுப்போடு பஸ்ஸை விட்டு இறங்கியபோது தெருவே வாசலுக்கு வந்து நின்றது. “நம்ம சனத்தையே சுடப் போனவன்தானே” என்று பெரிய தெருவில் ஒன்றிரண்டு பேர் முணுமுணுத்ததும் உண்டு. அதற்கு இராஜாங்கம் ஒருநாளும் பதில் சொன்னதில்லை.

பதினேழு வருஷச் சேவை முடித்து 2001இல் ஊரோடு வந்தார். மூன்று மா நிலத்தை, ஏறக்குறைய ஓர் ஏக்கரை, குத்தகைக்குப் பிடித்தார். மகள் செம்மொழி அப்போது நான்காம் வகுப்பு. குடியரசு தினத்துக்கும் சுதந்திர தினத்துக்கும் பள்ளிக்கூடத்தில் அவரைக் கூப்பிட்டுக் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினார்கள். செம்மொழி அந்த நாட்களில் வரிசையில் முதல் ஆளாக நிற்பாள்.

ஆற்றில் தண்ணீர் சரியாக வராமல் குறுவை பொய்த்துக்கொண்டிருந்த காலம் அது. 2004இல் கும்பகோணத்தில் ஒரு வங்கிக்குக் காவலாளி வேண்டும் என்று கேள்விப்பட்டு, விண்ணப்பத்தை நிரப்பித் தரச் சொல்லி ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தியாகராசனிடம் போனார். படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஆசிரியர் பக்கம் பக்கமாகப் படித்தார். பதக்கம் என்ற இடம் ஏறக்குறையக் காலியாக இருந்தது. காயம் என்ற இடத்தில் ஒரு வரி: இடது முழங்கை எலும்பு முறிவு, முகாமில் வாலிபால் ஆடும்போது.

தியாகராசன் கெட்டவர் இல்லை. டீக்கடையில் வாய் சும்மா இருக்கவில்லை, அவ்வளவுதான். ஒரு வாரத்தில் இராஜாங்கத்துக்கு ‘வாலிபால்’ என்று பெயர் விழுந்துவிட்டது. அடுத்த ஆகஸ்டில் பள்ளிக்கூடத்திலிருந்து ஆள் வரவில்லை.

அம்சம் அவரைப் பிடித்துக்கொண்டாள். “புத்தகத்துல அப்படி எழுதியிருக்காமே, நெசமா?”

“எழுதியிருக்கு.”

“தப்பா எழுதியிருந்தா போயி திருத்திட்டு வாங்களேன்.”

“அது திருத்துற எழுத்து இல்ல அம்சம்.”

இதற்கு என்ன அர்த்தம் எடுத்துக்கொள்வது? ஒரே ஒரு அர்த்தம்தான் அவளுக்குத் தோன்றியது.

அதையடுத்து வந்த தை மாதம், திருக்காட்டுப்பள்ளியில் வாழ்க்கைப்பட்டிருந்த நாத்தனார் செந்தாமரை வீட்டில் காதுகுத்து. பந்தியில் உட்கார்ந்திருந்தபோது முறைக்காரன் ஒருவன், “மச்சான், சிலோன்ல வாலிபால்ல ஜெயிச்சது யாரு, நம்மளா அவனுங்களா?” என்று கேட்டான். பந்தியே சிரித்தது. செம்மொழி தலையைக் குனிந்துகொண்டாள். மகளின் குனிந்த தலையைப் பார்த்ததும் அம்சத்துக்கு எரிச்சல் பொங்கியது. அந்த எரிச்சலை யார்மேல் கொட்டுவது என்று தெரியாமல் புருஷன்மேலேயே கொட்டினாள்.

“சிரிக்காம என்ன செய்வாங்க? கட்டுனவகிட்டயே மூணாம் நாளு பொய் சொன்ன மனுசன்தானே இவரு!”

இராஜாங்கம் அப்போதுதான் சாதத்தில் ரசம் ஊற்றச் சொல்லியிருந்தார். ரசம் இலையில் ஓடுவதைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு இலையை மூடிவிட்டு எழுந்தார். திரும்பும் பஸ்ஸில் மூன்று பேருக்கும் டிக்கெட் வாங்கிக் கொடுத்துவிட்டு முன்பக்கம் போய்த் தனியாக உட்கார்ந்துகொண்டார்.

அதற்குப் பிறகு பதினாறு வருஷம் அவர் வாயிலிருந்து பட்டாளம் என்ற சொல்லே வரவில்லை. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையோடுதான் வயலில் இறங்குவார். வங்கி வேலைக்குப் போகவில்லை. ஆனால் செம்மொழியைத் தஞ்சாவூரில் விடுதியில் சேர்த்து நர்சிங் படிக்க வைத்தார். அம்சத்துக்கு மூட்டுவலி வந்தபோது அவரே விடியற்காலையில் உலை வைத்தார். அவளைப் பார்த்து ஒரு சுடுசொல் சொன்னதில்லை. ஒரு நாளாவது அவர் திட்டியிருக்கலாம் என்று பின்னாளில் அவள் எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டாள்.

2021 மே மாதம், கொரோனா இரண்டாவது அலையில், மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்குப் போனவர் ஐந்தாம் நாள் இறந்துபோனார். அம்சத்தை உள்ளே விடவில்லை. உடம்பை வீட்டுக்கும் கொண்டுவரவில்லை. சுடுகாட்டு வேலிக்கு வெளியே நின்று, நீலப் பையில் சுற்றிய ஒன்றை நான்கு பேர் இறக்குவதைத்தான் பார்த்தாள். எது தலை, எது கால் என்றுகூட அவளுக்குத் தெரியவில்லை.

அடுத்த மாசி மாதம் ஒரு பகலில், ஒருவர் காலை இழுத்து இழுத்து நடந்து தெருவுக்குள் வந்தார். கறுத்துப் பருத்த உடம்பு, நரைத்த தலை, கையில் வாழை இலையில் கட்டிய மீன். “பட்டாளத்து இராஜாங்கம் வீடு இதுங்களா?” என்று கேட்டார். கேட்டுக்கொண்டே உள்ளே எட்டிப் பார்த்தவரின் கண்ணில் மாலை போட்ட படம் பட்டுவிட்டது. மீனை வாசலிலேயே வைத்தார். உள்ளே வந்து படத்துக்கு முன்னால் விறைப்பாக நின்று சல்யூட் அடித்தார். அடித்த கையை இறக்க முடியாமல் அப்படியே முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார்.

தரங்கம்பாடி பஞ்சநாதன் என்று பெயர் சொன்னார். மீனவர். இராஜாங்கத்தின் படைப்பிரிவிலேயே இருந்தவர். அம்சம் அந்தப் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை.

“என் பேரே சொன்னதில்லையா தங்கச்சி?”

“இல்லீங்கண்ணே.”

“சொல்ல மாட்டான். நான்தான் சொல்லாதன்னு கேட்டுக்கிட்டேன்.”

தண்ணீர் குடித்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தார். 1988இல், யாழ்ப்பாணப் பக்கம் ஒரு கிராமத்தில் அவர்கள் முகாம். முகாமுக்கு வெளியே ஒரு வீட்டில் கைக்குழந்தையோடு ஒரு பெண் இருந்தாள். ரோந்து போகும்போது பஞ்சநாதன் பேசும் தமிழைக் கேட்டுவிட்டு, “அண்ணை, பிள்ளைக்குப் பால் இல்லை” என்று கும்பிட்டிருக்கிறாள். ஒருநாள் பஞ்சநாதன் யாருக்கும் சொல்லாமல் பால்மாவு டப்பாவையும் பிஸ்கட்டையும் எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டார். விஷயம் தெரிந்த இராஜாங்கம், தேடுவதற்குள் கூட்டிவந்துவிடலாம் என்று பின்னாலேயே ஓடினார். திரும்பும் வழியில் வெடித்தது.

“சுவரு என் கால் மேல கெடக்கு. அவன் இடது கை துணி மாதிரி தொங்குது. ஒத்தக் கையால கல்லு கல்லா எடுத்தான் தங்கச்சி. அப்பறம் என்னத் தோள்ல போட்டுக்கிட்டு முகாம் வரைக்கும் வந்தான்.”

“அப்ப வாலிபாலுன்னு எழுதியிருக்கே?”

பஞ்சநாதன் தரையைப் பார்த்தார். “உள்ளத எழுதுனா, அனுமதி இல்லாம வெளிய போனது, ரேஷன் சாமானத் தூக்கி எதிரி ஊர்ல கொடுத்ததுன்னு எனக்கு ஜெயிலு. சுபேதார் நல்ல மனுசன். ‘உனக்கு லாரி விபத்து, அவனுக்கு விளையாட்டுல அடின்னு எழுதிக் கொடுங்கடா, நான் பாத்துக்கறேன்’னாரு. நான் யோசிச்சேன். அவன் யோசிக்கல. ‘உனக்கு மூணு தங்கச்சி இருக்குடா’ன்னு சொல்லிட்டுக் கையெழுத்துப் போட்டுட்டான். காயம்பட்டவங்களுக்குன்னு ஒரு பதக்கம் உண்டு. அது அன்னைக்கே போச்சு.”

பஞ்சநாதன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஒண்ணே ஒண்ணுதான் கேட்டான். ‘பஞ்சநாதா, நாளைக்குக் கட்டிக்கிறவகிட்ட மட்டும் உண்மையச் சொல்லிக்கிறேன்டா’ன்னான். சொல்லு, ஆனா என் பேரு மட்டும் வேணாம்டான்னேன்.”

அம்சம் எழுந்து கொல்லைப்பக்கம் போனாள். வெகுநேரம் வரவில்லை. பஞ்சநாதன் தயங்கித் தயங்கிப் போய்ப் பார்த்தபோது, மாட்டுக் கொட்டகைத் தூணைக் கட்டிக்கொண்டு சத்தமே இல்லாமல் உடம்பு குலுங்க நின்றிருந்தாள்.

மறுவாரமே அவள் கிளம்பிவிட்டாள். அந்த வரியை அடிக்க வேண்டும், அவ்வளவுதான். “என் பேரப் போட்டே எழுதுங்க. பென்ஷனப் புடுங்கினாலும் புடுங்கட்டும்” என்று பஞ்சநாதன் கூடவே வந்தார். கும்பகோணத்தில் வக்கீல் ஷேக் பரீத்திடம் சத்தியப் பிரமாணம் எழுதிக் கையெழுத்துப் போட்டார். திருவாரூரில் முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் சபிஹா என்ற பெண் உதவியாளர் இருந்தாள். புத்தகத்தைப் புரட்டியதும் சொன்னாள்: “அம்மா, இவரு வெளிநாட்டுல சேவை செஞ்சதுக்கான பதக்கமே இதுல ஏறலயே. காயம்பட்டு ஆஸ்பத்திரிக்கு வந்துட்டதால பட்டியல்ல பேரு விட்டுப் போயிருக்கும். ரெண்டுக்கும் சேத்தே எழுதுவோம்.”

எழுதினார்கள். வடக்கே இருந்த ஆவணப் பிரிவுக்கு விண்ணப்பம் போயிற்று. திரும்பி வந்தது, இறப்புச் சான்றிதழில் ‘ராஜாங்கம்’ என்று இருக்கிறதாம். அதைத் திருத்தி மறுபடி அனுப்பினார்கள். நடவுக்கு நடுவிலும் களையெடுப்புக்கு நடுவிலும் அம்சம் பஸ் ஏறித் திருவாரூர் போய் வந்தாள். செம்மொழி மட்டும், “அம்மா, இப்ப இதுல யாருக்கு என்ன வரப்போவுது?” என்று ஒருமுறை கேட்டாள். “எனக்கு வரணும்டி” என்றாள் அம்சம்.

2023 ஆடி மாதம் சபிஹா போன் செய்தாள். பஞ்சநாதனையும் அழைத்துக்கொண்டு போனாள் அம்சம். மேஜைமேல் ஒரு சின்னப் பெட்டி இருந்தது. வெளிநாட்டுச் சேவைப் பதக்கம். விளிம்பில் இராஜாங்கத்தின் எண்ணும் பெயரும் பொறிக்கப்பட்டிருந்தன. பஞ்சநாதன் அதைக் கையில் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“இன்னொண்ணும்மா?” என்றாள் அம்சம்.

சபிஹா கடிதத்தைப் பார்த்தாள். “அத மறுத்துட்டாங்கம்மா. விளையாட்டுல அடிபட்டதுன்னு அவரே எழுதிக் கொடுத்திருக்காரு. அதுக்கு மாறா முப்பது வருசம் கழிச்சு இன்னொருத்தர் சொல்றத ஏத்துக்க முடியாதுன்னு சொல்றாங்க. அவர் எழுதுனதோட நகலையும் வச்சிருக்காங்க.”

மங்கிப்போன தாள். ஆங்கிலத்தில் நாலைந்து வரி. கீழே தமிழில் கையெழுத்து. அவருடையதேதான், ஆனால் எழுத்தெல்லாம் ஒரு பக்கமாகச் சரிந்து கிடந்தது. தாளைப் பிடித்துக்கொள்ள இடது கை இல்லாமல் போட்டது என்று அம்சத்துக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“என்ன எழுதியிருக்காருன்னு படிம்மா.”

சபிஹா மெதுவாகத் தமிழில் சொன்னாள்: “‘மாலை வாலிபால் ஆடும்போது நானாகவே தவறி விழுந்தேன். இதற்கு வேறு யாரும் பொறுப்பல்ல.’”

பஞ்சநாதன் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார்.

“சென்னையில ராணுவத் தீர்ப்பாயம் இருக்கும்மா. அங்க வழக்குப் போடலாம்” என்றாள் சபிஹா. “இது பொய்யா எழுதிக் கொடுத்ததுன்னு நீங்க நிரூபிக்கணும். கஷ்டம்தான். ஆனா பாக்கலாம்.”

“யாரு பொய்யா எழுதுனதுன்னு?”

“உங்க வீட்டுக்காரர்தாம்மா.”

அம்சம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெளியே வராந்தாவில் பஞ்சநாதன் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது.

“வேணாம்மா” என்றாள் கடைசியில். “அவரப் பொய்யருன்னு ஒருதடவ சபையில வச்சுச் சொல்லிட்டேன். கோர்ட்டுலயும் போயி என்னால சொல்ல முடியாது. அவரு ஒருத்தருக்காகப் போட்ட கையெழுத்து. இருந்துட்டுப் போவட்டும்.”

பஞ்சநாதன் கெஞ்சிப் பார்த்தார். தன் பாவத்தை இறக்கிவைக்க வேறு வழியில்லை என்று அழுதார். “எனக்கும் இல்லீங்கண்ணே” என்றாள் அம்சம்.

ஊருக்குத் திரும்பாமல், அன்றே தஞ்சாவூர் போய்த் திருக்காட்டுப்பள்ளிக்கு பஸ் மாறினாள். செந்தாமரை வீட்டில் அப்போது அவள் கொழுந்தனும் பக்கத்து வீட்டார் இரண்டு பேரும் டிவி பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்சம் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வெடி, சுவர், கையெழுத்து, பந்தியில் தான் சொன்ன சொல்.

செந்தாமரை அண்ணனை நினைத்து அழுதாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, “பந்தியில நீ என்ன அண்ணி சொன்ன? எனக்கு அப்படி ஒண்ணும் ஞாபகமே இல்லையே” என்றாள். கொழுந்தனுக்கும் ஞாபகம் இல்லை. “வாலிபாலுன்னு என்னமோ கிண்டல் பண்ணுவாங்க, அதானே” என்றான்.

சிரித்த ஒருவருக்கும் நினைவில்லை. அதைச் சுமந்துகொண்டு பதினாறு வருஷம் வாழ்ந்தவர் போய்விட்டார். தன்னிடம் மட்டும் அது மிச்சமிருப்பது அம்சத்துக்கு அந்தக் கூடத்தில் நிற்கும்போதுதான் உறைத்தது. போட்டுக் கொடுத்த காப்பியைக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

இப்போதும் அவள் அந்த மூன்று மா நிலத்தில்தான் பாடுபடுகிறாள். பஞ்சநாதன் மாதம் ஒருமுறை போன் செய்கிறார். இரண்டு பேரும் அதிகம் பேசுவதில்லை. ஆற்றில் தண்ணீர் வந்துவிட்டதா, கடல் எப்படி இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறார்கள். பதக்கத்தைப் பார்க்க யாராவது வந்தால் எடுத்துக் காட்டுகிறாள். கதையை முழுதாகச் சொல்கிறாள். “பந்தியில நீ சொன்னத எதுக்கும்மா ஊருக்கெல்லாம் சொல்ற, அத விட்டுட்டுச் சொல்லேன்” என்று செம்மொழி எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள். அம்சம் விடுவதில்லை.