முப்பத்திரண்டு வயதில் பென்சன்: பசறைத் தோட்டத்துக் கம்ப்யூட்டரோடு ஒரு மல்லுக்கட்டு

எல்ல ஊர்ப் பாலத்தில் நின்று படம் எடுக்கப் போகிற சுற்றுலாக்காரர்கள் இந்தப் பதிவைத் தாண்டிப் போகலாம். மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு தோட்ட ஆபீஸ்களுக்குப் போகும் என்னைப் போன்ற புரோகிராம்காரர்களுக்காக எழுதுகிறேன். போன மாதம் பசறைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் போய் வந்தேன். இன்னும் வயிற்றெரிச்சல் அடங்கவில்லை.

அந்தத் தோட்டத்து ஆட்களின் பெயர்ப்பதிவைப் பார்த்துக்கொண்டிருந்தது கோபோல் என்ற பழைய கணினி மொழியில் எழுதிய ஒரு கிழட்டு புரோகிராம். கொழும்புத் தலைமை ஆபீஸ் மகாராசன்கள், ஏஐ கருவி ஒன்றை வைத்து அதைப் புது மொழிக்கு மாற்றினார்கள். அதிலிருந்து சிலருடைய பெயர்கள் காணாமல் போகின்றனவாம். போய்ப் பார்க்கச் சொன்னார்கள். தாங்கள் வர மாட்டார்களாம், ரோடு சரியில்லையாம்!

பண்டாரவளையிலிருந்து பதுளைக்குக் காலை பஸ். அங்கிருந்து பசறைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஒரு மணி நேரம் பிடிக்கும். வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு ஏறாதீர்கள், வளைவுகள் பொல்லாதவை. பசறையில் இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஆறு கிலோமீட்டருக்கு எண்ணூறு ரூபாய். ஓட்டியவர் செல்வம், அதே தோட்டத்துக்காரர்.

“கம்ப்யூட்டர் பாக்க வந்த மிஸ்ஸா? நல்லாக் கேளுங்க மிஸ். எங்க அண்ணி பேர மூணு வாரமா பெரட்டுல கூப்பிடல.”

பெரட்டு என்பது காலையில் ஆட்களை நிறுத்திப் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கும் இடம். பெயர் கூப்பிடாவிட்டால் அன்றைக்கு வேலை இல்லை. செல்வத்தின் அண்ணி புஷ்பராணி ஆபீஸ் வாசலிலேயே நின்றார்.

“எனக்கு முப்பத்திரெண்டு வயசு மிஸ். கம்ப்யூட்டர்ல அறுவத்தஞ்சுன்னு இருக்காம். பென்சன் போயிட்டேனாம். இந்த மாசக் கடைசிக்குள்ள தோட்டத்து லயத்து வீட்ட விட்டுப் போகணும்னு கடுதாசி வேற குடுத்துட்டாங்க. ரெண்டு புள்ளைங்கள வச்சிக்கிட்டு நான் எங்க போறது?”

உள்ளே போய்ப் பெரிய கிளாக்கரை, அதாவது தலைமை எழுத்தரைப் பிடித்தேன். யாழ்ப்பாணத்துக்காரர்.

“கொம்ப்யூட்டர் அப்பிடித்தான் காட்டுது பிள்ளை. நான் என்ன செய்யிறது?”

“ஐயா, ஆள் உங்க வாசல்லதான் நிக்கிறாங்க. கண்ணு தெரியலயா?” என்று கத்திவிட்டேன். அவர் எனக்குத் தேத்தண்ணி கொண்டு வரச் சொன்னார். நான் குடிக்கவில்லை.

பழைய புரோகிராமை என்னுடைய ஏஐ கருவியில் போட்டுக் கேட்டேன். அரை மணி நேரத்தில் விளங்கிவிட்டது. மாமியார் பென்சன் போனால் அவருடைய நம்பரை மருமகளுக்குக் கொடுப்பது அந்தத் தோட்டத்து வழக்கம். மாமியாரான செல்வத்தின் அம்மாவுடைய நம்பர்தான் புஷ்பராணிக்கு. அதே நம்பரில் புதிதாகப் பெயர் பதிந்தால் அது வேறு ஆள் என்று பார்க்க, பழைய புரோகிராமில் எட்டு வரி இருந்தது. புதியதில் அது இல்லாததால் மாமியாரின் வயதும் பென்சனும் மருமகள் தலையில் விழுந்துவிட்டன. கொழும்புக்காரர்களுடைய கருவி அந்த எட்டு வரியைக் காட்டி, “தேவையற்றதாகத் தெரிகிறது, விசாரித்து உறுதி செய்யவும்” என்று எழுதியே கொடுத்திருக்கிறது. கருவியை நான் குறை சொல்ல மாட்டேன். ஒரு போன் போட்டுத் தோட்டத்தில் கேட்டிருந்தால் முடிந்தது. கேட்காமலே அழித்திருக்கிறார்கள், பாவிகள்!

அந்த வரிகளைத் திரும்பச் சேர்த்துவிட்டுக் கொழும்புக்குப் போன் போட்டேன். இந்தத் திருத்தத்துக்கு அனுமதி தர அடுத்த மாதம் ஆகும் என்றார் அங்கிருந்த பொறுப்பதிகாரி. அதற்குள் புஷ்பராணியின் லயத்து வீடு போய்விடுமே! எனக்கு மண்டை காய்ந்துவிட்டது.

“அப்போ முப்பத்திரண்டு வயசுக்காரிக்கு அறுபத்தைந்து வயசுதான்னு எழுதி, உங்க கையெழுத்தைப் போட்டு அனுப்புங்க. ஆபீஸ் சுவரிலேயே ஒட்டிவிட்டுப் போறேன்” என்றேன். அன்று மாலையே அனுமதி வந்தது, வீட்டை விடச் சொன்ன கடிதமும் ரத்தானது.

பசறையில் தங்கி, மறுநாள் விடியலில் பெரட்டுக்குப் போனேன். பனியில் எதிரே நிற்பவர் முகம் தெரியவில்லை. “புஷ்பராணி!” என்று கூப்பிட்டார் வேலை பிரிக்கும் கணக்கப்பிள்ளை. “இருக்கேங்கய்யா!” என்று அவர் போட்ட சத்தத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு அழுகை வந்தது, கோபத்தில்தான். மூன்று வாரம் எதற்காக இந்த மனுஷியை வாசலில் நிறுத்தினார்கள்?

போகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். சுவெட்டரும் சார்ஜ் ஏற்றிய பவர் பேங்கும் எடுத்துக்கொள்ளுங்கள், கரண்ட் அடிக்கடி போகும். புதுக் கருவிகளைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். ஆனால் மடிக்கணினியைத் திறப்பதற்கு முன் ஒரு நாள் பெரட்டில் நின்று பாருங்கள். பழைய புரோகிராமில் விளங்காத வரி இருந்தால் அங்கேயே ஆளைப் பிடித்துக் கேளுங்கள். பிறகு, அந்த வரி கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும் ஒரு சோதனைப் புரோகிராம் எழுதி வையுங்கள். நானும் ஒன்று எழுதினேன். அந்த புரோகிராமில் யார் கை வைத்தாலும் அது தானாக ஓடும், புஷ்பராணிக்கு வேலை உண்டு என்று விடை வராவிட்டால் எந்த மாற்றத்தையும் ஏற்றுக்கொள்ளாது. அதற்கு அவர் பெயரையே வைத்தேன்.

நேற்றுக் கொழும்பிலிருந்து போன் வந்தது. “கொஞ்சம் சுத்தம் பண்ணினோம் மிஸ், மாற்றம் ஏற மாட்டேன் என்கிறது. புஷ்பராணி என்று என்னவோ தடுக்கிறது. அதை எடுத்துவிடலாமா?”

“பதுளைக்கு வந்து பசறை பஸ் பிடியுங்கள். காலைப் பெரட்டுக்குப் போய் அவரிடமே கேளுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.